மொட்டைக் காரும் சூறை போன பாஸும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஹட்டன் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் முன்கண்ணாடியிலிருந்து, வருடா வருடம் வரி கட்டி எடுக்கிற ரெவன்யூ லைசன்ஸை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

2. புதிதாக ஒன்று எடுத்தோம். அதுவும் போகாமலிருக்க நான் ஒரு தாங்கி செய்து கண்ணாடியோரம் பூட்டினேன்.

3. நுவரெலியாவில் சீசன் காலத்தில் நடக்கும் பழைய கார் அணிவகுப்பில் அண்ணனுக்கு இடம் கிடைத்தது. அதற்கான பாஸையும் அதே தாங்கிக்குள் வைத்தோம்.

4. அணிவகுப்புக்கு முதல் நாள், எங்கள் தோட்டத்து மாரியம்மன் அந்தக் காரில் ஏறி ஊர்வலம் வந்தாள்.

5. அம்மன் காரிலிருந்து இறங்கும்போது தாங்கி இருந்தது. சூறை முடிந்து பார்த்தால் இல்லை.

எழுதிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எதுவும் ஒழுங்காக இல்லை. நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

முதலில் கார். ஹட்டனில் ஒரு கராஜில் மெக்கானிக்காக வேலை செய்கிற அண்ணன் அதைத் தோட்டத்து உரக் கொட்டகையிலிருந்து பழைய இரும்பாக எடுத்து வந்தான். எந்தக் காலத்திலோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. மடக்கித் திறக்கிற கித்தான் கூரை அதற்கு இருந்திருக்கிறது. எங்கள் கைக்கு வரும்போது எலிகள் அதில் பெரும்பங்கைத் தின்று முடித்திருந்தன. இஞ்சினை ஓட வைக்கவே அண்ணனுக்கு வருடக்கணக்காயிற்று. கூரையைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. அதனால் தோட்டத்தில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர் வந்தது.

கூரை இல்லாத காரைப் பூட்டி ஒரு பயனும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு நிற்கும்போதே யாரும் மேலாகக் கையை விடலாம். ஆனால் ரெவன்யூ லைசன்ஸை முன்கண்ணாடியின் இடது மூலையில், வெளியே நிற்கிற பொலிஸ்காரருக்குத் தெரிகிற மாதிரி வைத்தே ஆக வேண்டும். மற்ற கார்க்காரர்கள் அதை ஒட்டிவிட்டு அடுத்த வருடம் வரை மறந்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படி முடியாது. ஒருவர் கடைக்குப் போனால் ஒருவர் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஹட்டனில் உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. லைசன்ஸ் போய்விட்டது. எடுத்தவருக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நான் இயந்திரத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதிரிச் சிக்கல் வந்தால் எனக்கு உற்சாகம் பிடித்துக்கொள்ளும். திருடன் என்னென்ன செய்வான் என்று யோசித்தேன். கையால் உருவுவான். அதற்கு மூடிய பெட்டி. பிளேடால் கீறுவான். அதற்குத் தடித்த பிளாஸ்டிக். தொழிற்சாலையில் உடைந்துபோன மின்பெட்டியின் மூடி ஒன்று, கண்ணாடி போலத் தெளிவானது, கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் கழற்றுவான். அதற்கு, முறுக்கும்போது மட்டும் பிடிகொடுத்துக் கழற்றப் போனால் வழுக்கிவிடுகிற திருகாணி. நான்கு மூலைக்கும் நான்கு போட்டு, கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி ஓடுகிற வெள்ளித் தகரப் பட்டியில் இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். கார்தான் ஆடியது, தாங்கி ஆடவில்லை!

அண்ணன் சுற்றி வந்து பார்த்தான்.

"லைசன்ஸுக்கு ஜெயிலு கட்டிட்ட. சரி, அடுத்த வருஷம் இத எப்புடி வெளிய எடுக்கிறது?"

"ட்ரில் போட்டுத்தான்."

"அப்ப திருடன் எடுத்துக்கிட்டுப் போறதே நமக்குச் சுகம் போல இருக்கே."

அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சில வாரங்களிலேயே அணிவகுப்புக்கான பாஸ் வந்தது. நானே ட்ரில் போட்டு என் நான்கு திருகாணிகளையும் உடைத்தேன். பாஸை லைசன்ஸோடு சேர்த்து வைத்து, புதிதாக நான்கு போட்டு மூடினேன். அந்த நேரம் முழுவதும் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பாஸ் அவனுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். சீசனில் பழைய கார்கள் ஏரிக்கரையோரம் வரிசையாக வரும். ஒவ்வொரு வருடமும் அண்ணன் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்த்தான். கயிற்றுக்கு உள்ளே வருகிறவை பங்களாக்களிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற கார்கள். எங்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து ஒரு கார் உள்ளே போனதாக எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை விண்ணப்பித்தான், பதிலே வரவில்லை. மூன்றாம் முறை பாஸே வந்துவிட்டது! பளபளவென்ற தடித்த அட்டை. ஒரு பழைய காரின் படம், கீழே எங்கள் காரின் இலக்கம், வரிசை எண். முன்கண்ணாடியில் இதைக் காட்டாத வாகனத்தை உள்ளே விடமாட்டோம், தொலைந்தால் வேறு தரமாட்டோம் என்று மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தது. கொடுத்த அலுவலகமும் அணிவகுப்பு நெருங்கும்போது சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு மூடியாகிவிட்டது.

அணிவகுப்புக்கு முதல் நாள் தோட்டத்துக் கோயில் திருவிழா. வருடா வருடம் அம்மன் டிராக்டர் பெட்டியில்தான் வருவாள். அன்று காலை டிராக்டரின் கிளச் போய்விட்டது. கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அம்மா ஒன்னோட காருலதான் வருவேன்னு சொல்லிட்டா."

"அம்மா எப்பங்க சொன்னா?"

"டிராக்டரு நின்னு போச்சில்ல? அதுதான் சொன்னது."

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். உண்மையில் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, எனக்கும்தான். பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டோம். இரண்டு பக்கமும் வாழை கட்டினோம். எலுமிச்சம்பழங்களைக் கோர்த்து முன்னால் தொங்கவிட்டோம். பூவும் வேப்பிலையும் கலந்த பெரிய மாலை ஒன்றை முன்கண்ணாடிக்கு மேலே கட்ட வேண்டும். வலது முனையைக் கட்ட ஒரு கொக்கி இருந்தது. இடது பக்கம் பிடிப்பு ஒன்றும் இல்லை. அண்ணன் அங்கே இங்கே தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஒன்னோட ஜெயிலுதான்டி இந்தக் காருலயே ஸ்ட்ரோங்கா இருக்கு."

மாலைக் கயிற்றைத் தாங்கியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். நான் முடிச்சைச் சரிபார்த்தேன். பூசாரி வந்து ஸ்டியரிங், விளக்கு, பொனட் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தாங்கிக்கும் தாராளமாக வைத்தார்.

ஊர்வலம் அற்புதமாக இருந்தது! தப்பு முழங்க, பால்குடங்கள் முன்னே போக, மொட்டைக் கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. கூரை இல்லாததால் அம்மனை மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் எல்லோரும் முழுதாகப் பார்த்தார்கள். "டிராக்டர விட இதுதான் அம்மாவுக்கு எடுப்பு" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. இஞ்சின் சூடேறிவிடுமோ என்று நான் தண்ணீர்க் கேனோடு பக்கத்திலேயே நடந்தேன். ஏறவில்லை. எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து கீழ் லயம், கீழ் லயத்திலிருந்து கோயில். எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனை இறக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோனதும் பூசாரி வாசலில் நின்று "சூறை!" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகு வண்டியில் இருக்கிற அலங்காரம் எல்லாம் சனங்களுடையது. பூவோ, பழமோ, வேப்பிலையோ, கையில் எது வருகிறதோ அது அம்மன் கொடுத்தது. நாங்கள் இருவருமே எலுமிச்சம்பழத்துக்காக அந்தக் கூட்டத்தில் முண்டி வளர்ந்தவர்கள்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த சூறை எல்லாம் டிராக்டர் பெட்டியில் நடந்தது. டிராக்டர் பெட்டி இரும்பு. எவ்வளவு இழுத்தாலும் பூவைத் தவிர ஒன்றும் வராது. இந்த முறை சூறை எங்கள் கார் மீது நடக்கப் போகிறது என்பது பூசாரி வாயைத் திறக்கும்வரை எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"சூறை!"

"ஐயோ, காரு!" என்று அண்ணன் கத்தினான். தப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் விலகியபோது கார் மறுபடியும் மொட்டையாக நின்றது. வாழை இல்லை, மாலை இல்லை, ஒரு வேப்பிலை கூட இல்லை. இடது மூலையில் தாங்கி இல்லை. அதைப் பிடித்திருந்த தகரப் பட்டியும் இல்லை. அது இருந்த இடத்தில் துருப்பிடிக்காத இரும்பு நீளமாகப் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாலையை இழுத்திருக்கிறார்கள். கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை, திருகாணி ஒன்றுகூட அசையவில்லை. பழைய பட்டிதான் அடியோடு உரிந்து வந்துவிட்டது.

"அண்ணே, என்னோட ஸ்குரூ நாலும் புடிச்சிருக்கு! பட்டிதான் போயிருக்கு!" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், இதைக் கொஞ்சம் பிந்திச் சொல்லியிருக்கலாம் என்று தெரிந்தது.

அவன் நேராகக் கோயில் மைக்கிடம் ஓடினான். தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்னா சொல்லப் போற?"

"பாஸ களவெடுத்துட்டாங்கன்னு சொல்லப் போறேன்."

"அம்மா கோயில்ல நின்னுக்கிட்டுக் களவுன்னு சொல்லுவியா? சூறைங்கிறது களவா? எட்டிப் போ, நான் சொல்றேன்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "அம்மாவோட காருலருந்து பூ, பழம் தவிர வேற பொருளு பிரசாதமா கெடச்சவங்க யாராச்சும் இருந்தா, கோவிச்சுக்காம, கொஞ்சம் கோயில் பக்கம் வந்து காட்டிட்டுப் போங்க. காட்டுனா போதும்."

வந்தார்கள்! ஒருவர் சிகரெட் சாம்பல் போடுகிற சின்னத் தட்டைக் கொண்டுவந்தார். ஒருவர் கதவுக் கைப்பிடியின் மூடியை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கீழ் லயத்து அக்கா ஒருவர் கண்ணாடி துடைக்கிற வைப்பரை நீட்டினார்.

"இதுவா தேடுறீங்க?"

"இல்லக்கா. ஆனா இதுவும் நம்ம காருதுதான்."

"தேடுறது இது இல்லதானே? அப்ப நான் வச்சுக்கிறேன்." வைப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போகிற போக்கில் திரும்பிச் சொன்னார்: "அந்தப் பெரிய மாலைய இந்தப் பக்கமா இழுத்தது மேட்டு லயத்து அக்கா. நானும் புடிச்சேன். அவங்க இழுத்த இழுப்புல என் கையில நாரு மட்டும்தான் மிஞ்சிச்சு."

அந்த மேட்டு லயத்து அக்காவை நாங்கள் அத்தை என்போம், இரத்த உறவு இல்லை. எங்கள் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர். நாங்கள் மேடேறிப் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே உட்கார்ந்து கால் நீட்டியிருந்தார்.

"வாங்க வாங்க இஞ்சினியரம்மா! பொங்கச் சோறு இருக்கு, சாப்புடுறீங்களா?"

உள்ளே சுவரில் அறைந்திருந்த சாமித் தட்டில், முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் நடுவில், எங்கள் தாங்கி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தகரப் பட்டி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு விளக்கு. சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் இடையில் பாஸ் பளபளத்தது.

"அத்தே, அது என்னோட பாஸு."

"காலையில வரைக்கும் ஒன்னோடது. இப்ப அம்மா எனக்குக் குடுத்தது. சூறையில கெடச்சதத் திருப்பிக் கேட்டவங்கள நீ பாத்திருக்கியா?"

அண்ணன் யோசித்தான். "இல்லீங்க."

"அப்புறம்?"

அடுப்பு எரிகிற குசினியிலிருந்து அத்தையின் மகள் எட்டிப் பார்த்தாள். என் வயதுதான். கந்தப்பளையில் இருக்கிற அவள் மாமாவிடம் மரக்கறி ஏற்றுகிற சின்ன லொறி ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டுகிற லைசன்ஸ் எடுத்துவிட்டு வந்தால் அதை அவளிடமே கொடுத்துவிடுவதாக மாமா சொல்லியிருந்தார். அத்தை அவளைக் கை காட்டினார்.

"இவ லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டுற டிரயலுக்கு மூணு தரம் போயிட்டா. முன்னால நல்லாத்தான் ஓட்டுறா. பின்னால எடுக்கச் சொன்னாத்தான் போயி எதையாச்சும் முட்டுறா."

"அம்மா, சும்மா இரும்மா!"

"நீ சும்மா இரு. காலையில பால்கொடம் தூக்கயிலயே கேட்டேன். தாயே, இந்தப் புள்ளைய ஒரு ஸ்டியரிங்குக்கு முன்னால ஒக்கார வச்சிருன்னு. அப்புறம் மாலைய இழுக்குறேன், மாலையோட என்னா வந்துச்சு? பூவா வந்துச்சு? பழமா வந்துச்சு? காருல்ல வந்துச்சு!"

"காரு வரலீங்க அத்தே, காரோட..."

"மிச்சம் பின்னால வரும்."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் என்னென்ன செய்யலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கெஞ்சலாம், அத்தை சோறு போடுவார், பாஸைத் தரமாட்டார். தலைவரைக் கூட்டி வரலாம்; அவரும் அத்தை பக்கம்தான் பேசுவார். பொலிசுக்குப் போகலாம், அதற்குப் பிறகு இந்த லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது, அதோடு அத்தை செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் திருடவில்லை. கேட்டார், கிடைத்தது. அந்த இடத்தில்தான் எனக்குக் கேள்வி மாறியது. பாஸை அத்தையிடமிருந்து எப்படி வாங்குவது என்பதல்ல, நாளைக் காலை பாஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதானே!

"அத்தே, அது ஒங்க வீட்டுல இருக்கணுமா, ஒங்க கையில இருக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்லீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அத்தை யோசித்தார். "எங் கைய விட்டுப் போகக் கூடாது. அம்புட்டுத்தான்."

"அப்ப நீங்களும் வாங்க."

"எங்க?"

"நுவரெலியாவுக்கு. முன் சீட்டுல ஒக்காந்து, கண்ணாடிக்குப் பின்னால நீங்களே புடிச்சுக்குங்க. யாருக்கும் குடுக்க வேணாம்."

அண்ணன் தலையைத் தூக்கினான். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் நிதானமாகக் கேட்டார்:

"மழ பேஞ்சா?"

"கொடை எடுத்துக்குவோம்."

"இவளும் வருவா."

"வரட்டும்."

"அப்ப சரி. எந்தச் சேலை கட்டுறதுன்னு சொல்லு."

மேடிறங்கி வரும்போது அண்ணன் முணுமுணுத்தான். "அங்க எல்லாரும் கோட்டு, தொப்பி போட்டுக்கிட்டு வருவாங்கடி."

"அத்தை பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வருவாங்க. ஒனக்குப் பாஸு வேணுமா, வேணாமா?"

காலையில் பனி விலகுவதற்கு முன்பே புறப்பட்டோம். அத்தை அரக்குப் பட்டும் அதற்கு மேலே ஸ்வெட்டரும் மடியில் தாங்கியுமாக முன் சீட்டில் இருந்தார். அவர் மகளும் நானும், இரவே மறுபடி பூட்டிய பின் சீட்டில். தலவாக்கலையில் அண்ணன் நிறுத்தினான். வழக்கம்போல நான் காரில் உட்கார்ந்திருக்கத் தயாரானேன்.

"போயிட்டு வாங்க ரெண்டு பேரும்," என்றார் அத்தை. "நான் இருக்கேன்ல."

அந்தக் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு ஊரில் நானும் அண்ணனும் சேர்ந்து நின்று பிளேன்டீ குடித்தது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தேன். காரைச் சுற்றி நான்கைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கூடக் கண்ணாடிப் பக்கம் கை நீட்டவில்லை. அத்தைக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தோம். வலது கையால் வாங்கிக் குடித்தார். இடது கை தாங்கியை விடவில்லை. என் திருகாணிகளைவிட இது எவ்வளவோ மேல்!

நானுஓயா ஏற்றத்தில் இஞ்சின் முனகியது. ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். நுவரெலியாவுக்குள் நுழைந்தபோது வெயில் வந்துவிட்டது. ஏரிக்கரையில் கார்கள் வரிசை கட்டி நின்றன. நான் போட்டோவில் மட்டும் பார்த்த கார்கள்! எங்கள் முறை வந்தது. வாசலில் தொப்பி போட்ட ஒருவர் நின்று ஒவ்வொரு காராகப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் காரை ஒரு தடவை பார்த்தார், அத்தையை இரண்டு தடவை பார்த்தார்.

"பாஸ் எக பென்னன்ன," என்றார். பாஸைக் காட்டச் சொல்கிறார்.

அத்தை தாங்கியைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். தொப்பிக்காரர் குனிந்து பார்த்தார். எங்கள் கார் இலக்கம் தெரிந்தது. வரிசை எண்ணின் மேல்தான் பூசாரி வைத்த குங்குமம் அப்பியிருந்தது. கொண்டுவா என்பதுபோலக் கண்ணாடிக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"சப்பாத்தோட தொடாதீங்க மாத்தயா!"

அத்தை போட்ட சத்தத்தில், பூட்ஸ் காலோடு நின்ற அவர் கை அப்படியே நின்றது. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. நான் பின்னாலிருந்து எழுந்து, எனக்குத் தெரிந்த மரியாதையான சிங்களத்தில், "ஏக தேவாலயென் ஆவே, மாத்தயா" என்றேன். இது கோயிலிலிருந்து வந்தது, ஐயா என்று சொன்னேன். நேற்று எங்கள் அம்மன் இந்தக் காரில்தான் வந்தாள் என்றும், அந்தப் பெட்டி இந்த அம்மாவுக்குக் கிடைத்த பிரசாதம் என்றும், அவர் கையை விட்டு அது போகக் கூடாது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். "பத்தினி மெணியோத?" என்று கேட்டார். சிங்களவர் கும்பிடுகிற பத்தினித் தாயா என்கிறார்.

"அம்மாதான்," என்றார் அத்தை. சிங்களத்தில் கேட்டதற்குத் தமிழில் சொன்னார். அதிலேயே அவருக்குப் போதுமான பதில் இருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நன்றாகக் குனிந்து எண்ணைப் படிக்க முயன்றார். முடியவில்லை. பின்னால் இப்போது இரண்டு கார்கள் ஹோர்ன் அடித்தன. துடைத்துவிடுங்கள் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

அத்தைதான் வழி செய்தார். பெருவிரலால் அந்தக் குங்குமத்தை அப்படியே வழித்து எடுத்துக் கையை அவர் பக்கம் நீட்டினார். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு நெற்றியைக் காட்டினார். அத்தை எட்டிப் பொட்டு வைத்துவிட்டார். எண் பளிச்சென்று தெரிந்தது! அவர் அதைத் தன் தாளில் தேடிக் குறித்துக்கொண்டு, தொப்பியைப் போட்டு, கயிற்றைத் தூக்கினார்.

"யன்ன, யன்ன," என்றார். போங்கள், போங்கள்.

அண்ணன் கயிற்றுக்கு உள்ளே ஓட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசைப்படுத்த எனக்குத் தெரியவில்லை. ஏரியைச் சுற்றி வந்தோம். இரண்டு பக்கமும் சனம். கயிற்றுக்கு வெளியே எங்கிருந்தோ யாரோ "ஏய், நம்ம மொட்டக் காருடா!" என்று கத்தியது கேட்டது. அண்ணன் சிரித்தான், அழுதான், கியர் மாற்ற மறந்தான். அத்தை வலது கையால் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். எங்களுக்கு முன்னால் போனதும் கூரை திறந்த கார்தான். அணிவகுப்பு நின்ற இடத்தில் அதன் சொந்தக்காரர், வயதானவர், இறங்கி வந்து தாங்கியைக் கூர்ந்து பார்த்தார். தன் லைசன்ஸும் இப்படித்தான் கொழும்பில் களவு போனது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் செய்ததுதான் என்றேன். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். நான் பட்டியின் குறையைச் சொன்னேன். முன்கண்ணாடியைத் தாங்குகிற இரும்புத் தூணில் நேராகப் பொருத்த வேண்டும், அதில் எதையும் கட்டக் கூடாது என்றேன். அவர் தன் போனில் அத்தையையும் சேர்த்தே படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது நானுஓயா இறக்கத்தில் அத்தை கேட்டார்: "இதுக்குள்ள ரெண்டு இருக்குல்ல? படம் போட்டது ஒண்ணு, இன்னொண்ணு என்னா?"

"அது ரெவன்யூ லைசன்ஸ் அத்தே. அது இல்லாட்டிப் பொலிஸ் புடிக்கும்."

"யாரு குடுக்குறது?"

"கவர்மெண்டு."

"அப்ப அத எடுத்துக்க. அம்மா எனக்குக் குடுத்தது காரு படம் போட்டதுதான்."

மறுநாள் மேட்டு லயத்து வாசலில் உட்கார்ந்து, அத்தை தாங்கியைப் பிடித்துக்கொள்ள, நான் ட்ரில் போட்டு நான்கு திருகாணிகளையும் உடைத்தேன்.

இப்போதைய நிலை இது. ரெவன்யூ லைசன்ஸ் காரில், இரும்புத் தூணில் பொருத்திய புதிய தாங்கியில் இருக்கிறது. வயதானவருக்குச் செய்த இன்னொரு தாங்கியை அண்ணன் கொழும்புக்கு அனுப்பிவிட்டான். அடுத்த அணிவகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. பாஸ் அத்தை வீட்டுச் சாமித் தட்டில் இருக்கிறது. அத்தையின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடம் பின்னால் எடுக்கப் பழகுகிறாள். அவளுக்கு அடுத்த மாதம் டிரயல்.